பட்டறை பதில்கள்: கதவைத் திறந்து சற்றே தூக்கிப் பாருங்கள்

கேள்வி: ஐயா, 1934ஆம் ஆண்டின் ஆல்விஸ் ஸ்பீடு 20 டூரர் கார் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. கரும்பச்சை நிறம், நான்கு இருக்கை, மடக்குக் கூரை. ‘கடைசித் திருகாணி வரை பிரித்துப் புதுப்பித்தது, வாண்டன் பிளா பாணி பாடி’ என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். ஒரு லட்சம் பவுனுக்குச் சற்றுக் குறைவாகக் கேட்கிறார்கள். படங்களைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. வரும் சனிக்கிழமை நேரில் போகிறேன். எதை எதைப் பார்க்க வேண்டும்?
— ஒரு வாசகர், ஹாரோ

பதில்: தூக்கம் போனதில் வியப்பே இல்லை. கவென்ட்ரியில் 29 ஆண்டுகள் பழைய கார்களுக்கு மரச்சட்டம் செய்தவன் நான். அந்த நீண்ட பானெட்டையும், தாழ்ந்த கதவையும், இரண்டு பெரிய ஹெட்லைட்டுகளையும் ஒருசேரப் பார்த்தால் இன்றும் நின்றுவிடுவேன். ஆனால் நீங்கள் எழுதியதில் ஒரு சொல்லில் என் கண் தங்கிவிட்டது. ‘பாணி’ என்ற சொல்.

அந்தக் காலத்தில் ஆல்விஸ் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது சேஸிஸ் என்ற இரும்பு அடிச்சட்டம், என்ஜின், சக்கரங்கள். பாடி கட்டியது வேறு நிறுவனங்கள். சார்ல்ஸ்வொர்த் மூடிய சலூன் பாடிகளுக்குப் பேர் பெற்றது, கிராஸ் அண்ட் எல்லிஸ் டூரர்களுக்கு. லண்டனின் வாண்டன் பிளா கட்டிய டூரர்தான் பலருக்குக் கனவு. வாண்டன் பிளா கட்டியது என்றால் ‘வாண்டன் பிளா பாடி’ என்றே எழுதியிருப்பார்கள். ‘பாணி’ என்றால், பிற்காலத்தில் யாரோ அந்தச் சாயலில் புதிதாகக் கட்டியது என்று பொருள். அப்படியானால் 1934இல் இந்த சேஸிஸின் மேல் என்ன இருந்தது? பெரும்பாலும் ஒரு சலூனாக இருந்திருக்கும். போருக்குப் பிறகு மரம் உளுத்துப்போன சலூன்களை யாரும் சீந்தவில்லை. பாடியை உடைத்து எறிந்துவிட்டு டூரர் பாடி ஏற்றினார்கள். டூரருக்குத்தான் கூடுதல் விலை.

இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. அப்படி ஏற்றிய பாடிகளில் சில என் கையாலும் உருவானவை. அவற்றைப் பற்றி எனக்குப் பெருமை உண்டு. ஆனால் வாங்குபவரிடம் அதைச் சொல்லியாக வேண்டும், விலையும் அதற்கேற்ப இருக்க வேண்டும். சேஸிஸ் எண், என்ஜின் எண் இரண்டையும் விற்பவரிடம் கேட்டு வாங்கி, போவதற்கு முன்பே ஆல்விஸ் உரிமையாளர் சங்கத்தில் விசாரியுங்கள். முதன்முதலில் எந்த பாடியோடு விற்றது, யார் யார் கைக்குப் போனது என்று சொல்லக்கூடியவர்கள் அங்கே இருக்கிறார்கள். எண்ணைத் தரத் தயங்கும் விற்பனையாளர் என்றால் ஹாரோவிலேயே இருந்துவிடுங்கள்.

இனி மரம். வெளியே தெரிகிற தகடு வெறும் தோல். எலும்பு ஆஷ் மரம். கிரிக்கெட் ஸ்டம்பும் சுத்தியல் பிடியும் செய்கிற அதே மரம். அதிர்ச்சியைத் தாங்கும், ஆவியில் வைத்தால் வளையும். ஈரம் மட்டும் அதற்கு ஆகாது. என் அப்பா கும்பகோணம் பக்கம் மாட்டுவண்டி செய்த தச்சர். கருவேல மரத்தில் வைரம் பாய்ந்த கட்டையைத் தேடித் தேடி எடுப்பார். ஆஷ் மரத்துக்கு அந்த உறுதி கிடையாது. கூரை ஒழுகித் தண்ணீர் இறங்கும் கதவுத் தூணின் அடியிலிருந்துதான் உளுக்கத் தொடங்கும்.

அதனால் முதல் வேலையாகக் கதவைப் பாதி திறந்து, விளிம்பில் இரண்டு விரல் கொடுத்து மெல்லத் தூக்குங்கள். கீல் மட்டும் தேய்ந்திருந்தால் ‘டக்’ என்று ஒரு சிறு ஆட்டம் தெரியும். அதைச் சரி செய்துவிடலாம். கதவோடு சேர்ந்து தூணும் மேலே வந்தால், மரம் போய்விட்டது. பிறகு கதவை மூடுங்கள். நல்ல சட்டம் உள்ள காரில் ஒரே ஒலிதான் கேட்கும். சாத்திய பிறகும் எங்கேயோ ஒரு நடுக்கம் ஓடினால், ஏதோ ஒரு பொருத்து விட்டுப்போயிருக்கிறது.

ஒரு முறை எங்கள் பட்டறைக்கு ஒரு டூரர் வந்தது. கணவர் இறந்த பிறகு அவர் ஆசைப்பட்ட காரை வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று ஓர் அம்மையார், ‘முழுவதும் புதுப்பித்தது’ என்ற பேச்சை நம்பி வாங்கியிருந்தார். முகம் பார்க்கலாம் போன்ற பெயிண்ட். வலது கதவு மட்டும் சரியாக மூடவில்லை என்றுதான் கொண்டுவந்தார். உள்பக்கத் தோலுறையைக் கழற்றினேன். தூண் இருக்க வேண்டிய இடத்தில் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, அதன் மேல் பட்டி பூசி, தேய்த்து, பெயிண்ட் அடித்திருந்தார்கள். தாளைப் பிரித்தபோது தேதியைக்கூடப் படிக்க முடிந்தது. அது ஐந்து ஆண்டுகளுக்கு முந்தைய நாளிதழ். மிச்சமிருந்த மரம் தேநீரில் ஊறிய ரஸ்க் போல விரலில் உதிர்ந்தது. அம்மையார் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்து ‘புதுப்பித்தது’ என்று யார் சொன்னாலும் ‘படம் இருக்கிறதா?’ என்றுதான் கேட்கிறேன்.

நீங்களும் அதையே கேளுங்கள். கடைசித் திருகாணி வரை பிரித்தவர்கள் படம் எடுக்காமல் இருக்க மாட்டார்கள். தகடு ஏற்றுவதற்கு முன் வெறும் மரச்சட்டமாக நின்ற படம், என்ஜின் பிரித்துக் கிடந்த படம், ஒவ்வொரு வேலைக்கும் ரசீது. இவை ஒரு கோப்பு நிறைய இருந்தால், பெயிண்டில் இரண்டு கீறல் இருந்தாலும் பாதகமில்லை.

என்ஜினைப் பொறுத்தவரை, ‘நான் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம்’ என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் காரணம் கேளுங்கள். சிலிண்டர் பிளாக்கின் பக்கவாட்டில் ஒட்டுப் போட்ட தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். குளிர்காலத்தில் உள்ளே தண்ணீர் உறைந்து வெடித்த கார்கள் இந்த நாட்டில் ஏராளம். பிறகு முக்கால் மணி நேரமாவது ஓட்டுங்கள். எண்ணெய் அழுத்தம் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது எல்லாக் காரிலும் நன்றாகத்தான் காட்டும். நன்றாகச் சூடான பிறகு முள் எங்கே நிற்கிறது என்பதுதான் கணக்கு.

கம்பிச் சக்கரங்களை மறக்க வேண்டாம். சந்தையில் பானையைத் தட்டி வாங்குவோமே, அதே போல ஒவ்வொரு கம்பியையும் ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே வாருங்கள். இறுக்கமான கம்பி கணீரென்று சொல்லும். தளர்ந்ததும் உடைந்ததும் மொத்தென்று சொல்லும்.

பழைய கார் ஓட்டிப் பழக்கமில்லையே என்று பயப்பட வேண்டாம். 1934 என்றால் பெரும்பாலும் எஸ்.பி. வகையாக இருக்கும். நான்கு கியருக்கும் சின்க்ரோமெஷ், அதாவது பல்சக்கரங்கள் உரசாமல் கியர் மாற்ற உதவும் அமைப்பு, கொடுத்த கியர் பாக்ஸ் அதில் வந்தது. அந்த நாளில் அது ஒரு புரட்சி. முன்சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷனும் அதில் உண்டு. பிரேக் மட்டும் இயந்திர முறை, ஹைட்ராலிக் அல்ல. முன்னே போகும் வண்டிக்கு இன்றைய காரில் விடுகிற இடைவெளியைப் போல இரண்டு மடங்கு விடுங்கள்.

இந்தக் காரை வடிவமைத்த ஜார்ஜ் ஸ்மித்-கிளார்க் பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஓய்வு பெற்ற பிறகு அவர் போலியோ நோயாளிகள் மூச்சுவிட உதவும் ‘இரும்பு நுரையீரல்’ கருவியை மேம்படுத்துவதில் இறங்கினார். கவென்ட்ரியில் அவர் வேலை பார்த்த ஹோலிஹெட் சாலை கார்த் தொழிற்சாலை 1940 நவம்பர் 14 இரவு நடந்த குண்டுவீச்சில் நாசமானது. இந்தக் கார் அதற்கு ஆறு ஆண்டு மூத்தது. நல்லபடியாகப் பார்த்து வாங்குங்கள் என்று நான் இவ்வளவு நீட்டி எழுதுவது அதனால்தான்.

கேள்வி: ‘ஸ்பீடு 20’ என்பதில் 20 என்பது குதிரைத் திறனா? இவ்வளவு பெரிய காருக்கு வெறும் 20தானா?
— கல்லூரி மாணவர், பர்மிங்ஹாம்

பதில்: அது வரிக்காகப் போட்ட கணக்கு, தம்பி. சிலிண்டரின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, அதன் வர்க்கத்தை சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கி, 2.5ஆல் வகுப்பார்கள். எஸ்.பி. காரில் ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றும் 73 மில்லிமீட்டர் விட்டம். கணக்குப் போட்டால் 19.82 வரும், அதைத்தான் 20 என்றார்கள். 1921 முதல் ஒரு குதிரைத் திறனுக்கு ஆண்டுக்கு ஒரு பவுன் வரி. 1935இல் அதை 15 ஷில்லிங்காக, அதாவது முக்கால் பவுனாகக் குறைத்தார்கள். என்ஜினின் உண்மையான திறன் ஏறக்குறைய 87.

இந்தக் கணக்கில் பிஸ்டன் எவ்வளவு தூரம் ஏறி இறங்குகிறது என்பதற்கு இடமே இல்லை, கவனித்தீர்களா? அதனால் வரிக்குப் பயந்து விட்டத்தைக் குறுக்கி, பிஸ்டன் ஓடும் தூரத்தை நீட்டினார்கள். இந்தக் காரில் 100 மில்லிமீட்டர், அடுத்து வந்த எஸ்.சி.யில் 110. போருக்கு முந்தைய ஆங்கிலேய என்ஜின்கள் ஒல்லியாகவும் நெட்டையாகவும் இருப்பதற்கு வரி ஒரு பெரிய காரணம்.

கேள்வி: என் கணவர் 1930களின் திறந்த கார் ஒன்றை வாங்கப் போகிறார். எங்கள் மகளுக்கு இரண்டு வயது. அவளையும் அழைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் போகலாம் என்கிறார். வரி, சோதனை எல்லாம் எப்படி?
— ஒரு வாசகி, ஸ்லவ்

பதில்: சகோதரி, முதலில் குழந்தை. சீட் பெல்ட் இல்லாத காரில் மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தையை ஏற்றவே கூடாது என்பது இங்கே பிரிட்டனில் உள்ள சட்டம். மூன்று வயதுக்கு மேல் என்றால் பின்னிருக்கையில் மட்டும். பெல்ட் பொருத்திக்கொள்ளலாமே என்பார் உங்கள் கணவர். மரச்சட்டத்தில் திருகிய பெல்ட் அடிபடும் நேரத்தில் மரத்தோடு பிய்த்துக்கொண்டு வரும். சேஸிஸிலிருந்து இரும்பு கொடுத்து, தெரிந்தவர் கையால் செய்தால் ஒழிய வேண்டாம். இதில் தயவுசெய்து விட்டுக்கொடுக்காதீர்கள்.

மற்றவை எளிது. 40 வயதைத் தாண்டிய காரை ‘வரலாற்று வாகனம்’ என்று பதிந்துவிட்டால் சாலை வரி கிடையாது. ஆனாலும் ஆண்டுதோறும் விண்ணப்பிக்க வேண்டும். பெரிதாக மாற்றியமைக்காத காராக இருந்தால் எம்.ஓ.டி. என்ற ஆண்டுப் பாதுகாப்புச் சோதனையும் கட்டாயமில்லை. கட்டாயமில்லை என்றாலும் ஆண்டுக்கு ஒரு முறை செய்துவிடுங்கள். பிரேக்கை இன்னொருவர் கண் பார்ப்பது நல்லது. பெட்ரோல் போடும்போது இ5 (எத்தனால் ஐந்து விழுக்காடு வரை மட்டும்) என்று எழுதிய சூப்பர் வகையைப் போடுங்கள். 2021 முதல் சாதாரண பெட்ரோலில் பத்து விழுக்காடு வரை எத்தனால் கலக்கிறார்கள். அது பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும், ஈரத்தையும் இழுக்கும்.

கேள்வி: பாடி மாற்றி, என்ஜின் மாற்றி, சேஸிஸும் மாற்றினால் அது அதே கார்தானா?
— ஒரு வாசகர், கார்டிஃப்

பதில்: இந்த வழக்கு லண்டன் உயர் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 1929, 1930 இரண்டு ஆண்டும் பிரான்சின் லெ மான் 24 மணி நேரக் கார்ப் பந்தயத்தில் வென்ற பென்ட்லி ஸ்பீடு சிக்ஸ், ‘ஓல்ட் நம்பர் ஒன்’. அதை ஒரு கோடி பவுனுக்குப் பேசி முடித்தார்கள். பிறகு வாங்குபவர், ‘வென்ற காரில் இருந்தது எதுவும் இதில் இல்லை’ என்று பின்வாங்கினார். 1990இல் நீதிபதி ஆட்டன், இது உண்மையான ஓல்ட் நம்பர் ஒன் என்றே சொல்லலாம் என்று தீர்ப்பளித்தார். பாகங்கள் மாறியது உண்மைதான். ஆனால் அந்தக் கார் ஒரு நாளும் மறைந்துபோய் வேறொன்றாகத் திரும்பி வரவில்லை. பந்தயத்துக்குப் பந்தயம் மாறிக்கொண்டே, அதே காராகத் தொடர்ந்து இருந்தது.

எனக்கு அந்தத் தீர்ப்பு சரி என்றே படுகிறது. அதனால்தான் ஹாரோ நண்பரிடம் முதலில் எண்ணையும் தாளையும் கேட்கச் சொன்னேன். தொடர்ச்சியைக் காட்ட முடிந்தால் மாற்றம் ஒரு பொருட்டில்லை.

கேள்வி: மாற்றுச் சக்கரத்தை நம் ஊரில் ‘ஸ்டெப்னி’ என்கிறோமே, இங்கே யாருக்கும் புரியவில்லை. ஏன்?
— ஒரு வாசகர், கிராய்டன்

பதில்: லண்டன் ஸ்டெப்னிக்கும் அதற்கும் தொடர்பில்லை. வேல்ஸில் லனெத்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெரு என்று ஒன்று உண்டு. அங்கே கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904 வாக்கில், பஞ்சரான சக்கரத்தின் மேலேயே கவ்விப் பிடிக்கும்படி, கம்பியும் நடுக்குடமும் இல்லாத ஒரு காற்றடைத்த வளையத்தைச் செய்து விற்றார்கள். அதுவரை சாலையோரத்தில் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டித்தான் ஆக வேண்டும். பெயர் கடல் தாண்டி நம் ஊருக்கு வந்து ஒட்டிக்கொண்டது. பிறந்த நாட்டில் வழக்கொழிந்துவிட்டது.

‘டிக்கி’யும் அப்படித்தான். இங்கே டிக்கி என்றால் இரண்டு இருக்கைக் காரின் பின்பக்க மூடியைத் திறந்தால் வெளியே வரும் வெட்டவெளி இருக்கை. மழை பெய்தால் அதில் உட்கார்ந்தவர் நனைய வேண்டியதுதான். அந்த மூடியைத் திறந்து பெட்டி வைத்த பழக்கத்தில் நாம் பெட்டி வைக்கும் இடத்தையே டிக்கி என்கிறோம்.