செகண்ட் ஹேண்ட் டிஸ்க் பிளேயர் ஆன் ஆகவில்லையா? வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கும் மேல் பழைய சிடி, டிவிடி பிளேயர்களைப் பற்றியவை. எல்லோருக்கும் பொதுவாக ஒன்று: மூடியைக் கழற்றும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள். பிடுங்கிய பிறகும் சப்ளை போர்டில் உள்ள பெரிய கெப்பாசிட்டர் பக்கம் விரல் போகக் கூடாது. அதில் 310, 325 வோல்ட் டிசி நிற்கும். கீழே இதை மறுபடியும் சொல்வேன்.

கேள்வி: வாரச் சந்தையில் ஒரு டிவிடி பிளேயர் வாங்கினேன். டெட். எந்தப் பார்ட்டை மாற்ற வேண்டும்? (ஈரோடு)

கம்பெனி பெயர் இல்லை, மாடல் நம்பர் இல்லை, மீட்டர் வைத்துப் பார்த்தீர்களா என்பதும் இல்லை. இதை வைத்துக்கொண்டு நான் ஜோசியம்தான் சொல்ல முடியும். இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள், வரிசையாகப் பாருங்கள். முதலில் பவர் கார்டு. இரண்டு பின் கார்டுகள் பிளக்கின் கழுத்தில் உள்ளுக்குள் அறுந்திருக்கும், வெளியே தெரியாது. மீட்டரைக் கன்டினியூட்டியில் (ஒயர் அறுபடாமல் இருந்தால் பீப் அடிக்கும் ரேஞ்ச்) வைத்து, கார்டை வளைத்து ஆட்டிப் பாருங்கள். அடுத்து முன்பக்கச் சுவிட்ச். சில மாடல்களில் 230 வோல்ட் நேராக அதன் வழியாகத்தான் போகும். பிளக்கைப் பிடுங்கிய நிலையில், சுவிட்சை அழுத்தினால் ஒரு ஓமுக்குள் காட்ட வேண்டும். பிறகு ஃபியூஸ், ஏசியை டிசியாக்கும் நான்கு 1என்4007 டயோடுகள், பெரிய கெப்பாசிட்டர். எந்த இடம் வரை சப்ளை வருகிறது என்று எழுதுங்கள், மேற்கொண்டு சொல்கிறேன்.

கேள்வி: ஃபியூஸ் போயிருந்தது. புதிது போட்டேன், உடனே போய்விட்டது. பக்கத்துக் கடையில் செம்புக் கம்பி இழை ஒன்றைச் சுற்றிக் கொடுத்தார்கள். பிளக்கில் செருகியதும் ‘டப்’ என்று சத்தம், புகை. இப்போது என்ன செய்வது, ஐயா? (திண்டுக்கல்)

இதை எத்தனை முறை எழுதினாலும் கம்பி சுற்றுகிறவர்கள் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறார்கள். சிகரெட் பாக்கெட்டின் ஜரிகைத் தாள் சுற்றிய போர்டுகளும் சந்தைக்கு வருகின்றன. கணக்கைப் பாருங்கள். டிவிடி பிளேயர் இழுப்பது 10, 15 வாட். 230 வோல்ட்டில் அது 0.1 ஆம்பியர் அளவுதான். ஆன் ஆகும் நொடியில் கெப்பாசிட்டர் சார்ஜ் ஏறக் கொஞ்சம் கூடுதலாக இழுக்கும் என்பதற்காகத்தான் 1.6 அல்லது 2 ஆம்பியர் ஃபியூஸ் போடுகிறார்கள். உங்கள் 0.2 மில்லிமீட்டர் செம்பு இழை உருக ஏறக்குறைய 7 ஆம்பியர் வேண்டும். அது உருகுவதற்குள் டயோடு, என்டிசி (ஆன் ஆகும் நொடியில் பாயும் கரன்ட்டை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டர்), பிரிண்ட் டிராக் எல்லாம் கருகிவிடும். அந்த ‘டப்’ அதுதான்.

முதல் ஃபியூஸ் போனபோதே அதன் கண்ணாடியைப் பார்த்திருக்க வேண்டும். கண்ணாடி சுத்தமாக இருந்து, கம்பி நடுவில் மட்டும் அறுந்திருந்தால் வயதாகிப் போயிருக்கலாம். ஒரே ஒரு தடவை புதிது போட்டுப் பார்ப்பதில் தவறில்லை. உள்ளே கறுத்து வெள்ளி பூசியது போலப் படிந்திருந்தால் டெட் ஷார்ட். அப்போது புதிது போடுவது காசைக் கரியாக்குவதுதான்.

இனி செய்ய வேண்டியது இது. கரிப் படிவை ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பழைய பிரஷ்ஷும் கொண்டு முழுதாகத் துடைத்தெடுங்கள். கரி கரன்ட் கடத்தும், விட்டுவைத்தால் மறுபடி வெடிக்கும். மீட்டரை டயோடு ரேஞ்சில் வைத்து நான்கு 1என்4007-களையும் ஒரு காலை மட்டும் கழற்றிப் பாருங்கள்: ஒரு பக்கம் 0.5, 0.6, மறுபக்கம் ஒன்றும் காட்டக் கூடாது. பிறகு ஸ்விட்சிங் ஐசி, அதாவது பெரிய கெப்பாசிட்டரின் டிசியை வேகமாக ஆன்-ஆஃப் செய்து டிரான்ஸ்ஃபார்மருக்குக் கொடுக்கும் ஐசி. வைப்பர் 22ஏ என்றால் 5 முதல் 8 வரையுள்ள கால்கள் டிரெயின், 1-ம் 2-ம் சோர்ஸ் (உள்ளே இருக்கும் சுவிட்சின் இரண்டு முனைகள்). இரண்டுக்கும் நடுவே பீப் அடித்தால் ஐசி போய்விட்டது. நீல வட்ட வேரிஸ்டர் (வோல்ட்டேஜ் எகிறினால் காப்பது) பிளந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். என்டிசி அறை வெப்பத்தில் பொதுவாக 10 ஓம் அளவில் இருக்கும். கருகிய டிராக்கைச் சுரண்டி ஒயர் போட்டு இணையுங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகும் நேராகப் பிளக்கில் செருகாதீர்கள். சீரியஸ் லேம்ப், அதாவது சப்ளை லைனில் தொடராக வைத்த பல்பு வழியாகக் கொடுங்கள்: 60 வாட் குண்டு பல்பு, எல்இடி பல்பு அல்ல. ஒரு மின்னு மின்னி அடங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்று எரிந்தால் ஷார்ட் இன்னும் உள்ளே இருக்கிறது. பல்பு அடங்கிய பிறகே நேர் சப்ளை. ஃபியூஸ் போர்டில் அச்சிட்ட அதே ரேட்டிங்கில்தான். ‘T’ என்று இருந்தால் ஸ்லோ புளோ, அதாவது கொஞ்சம் தாமதித்துப் போகும் வகை. உடனே போகும் ‘F’ வகையை அங்கே போட்டால் நல்ல பிளேயரிலும் அடிக்கடி போகும்.

கேள்வி: பெரிய கெப்பாசிட்டரில் 315 வோல்ட் இருக்கிறது. 5, 12 எதுவும் வரவில்லை. உப்பிய கெப்பாசிட்டர் எதுவும் கண்ணில் படவில்லை. ஐசி வைப்பர் 22ஏ. (நாகர்கோவில்)

கேள்வி என்றால் இப்படி எழுத வேண்டும். ஐசியின் 4-ஆம் காலில் பாருங்கள். கறுப்பு புரோப் பெரிய கெப்பாசிட்டரின் மைனஸில் இருக்க வேண்டும். சேஸிஸில் வைத்தால் கிடைப்பது பொய் ரீடிங். இந்த ஐசி தன் ஸ்டார்ட்டிங் கரன்ட்டை டிரெயினிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும், எனவே ஸ்டார்ட்டிங் ரெசிஸ்டரைத் தேடி அலைய வேண்டாம். 4-ஆம் கால் சுமார் 14.5 வோல்ட்டை எட்டியதும் ஓடத் தொடங்கும், 8-க்குக் கீழே இறங்கினால் நின்றுவிடும். ரீடிங் இந்த இரண்டுக்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டிருந்தால், ஐசி கிளம்பப் பார்க்கிறது, தொடர்ந்து ஓட ஆகாரம் கிடைக்கவில்லை. அந்தக் காலில் உள்ள சிறிய 50 வோல்ட் கெப்பாசிட்டர் காய்ந்திருக்கும், அல்லது அதற்கு வரும் டயோடு போயிருக்கும், அல்லது செகண்டரியில் (5, 12 வோல்ட் வெளிவரும் பக்கம்) ஷார்ட். ஒன்றிரண்டு வோல்ட்டிலேயே கிடந்தால் அந்தக் கெப்பாசிட்டர் ஷார்ட், இல்லையேல் ஐசி அவுட்.

அந்தக் கெப்பாசிட்டர் பொடிசு, சூட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது, பெரும்பாலும் உப்பாமலேயே சாகும். கண்ணால் பார்த்து நம்பாதீர்கள். போர்டில் உள்ள அதே மைக்ரோ ஃபேரட், 50 வோல்ட், 105 டிகிரி வகை போடுங்கள். ஐசி வாங்கும்போது கவனம், போலி நிறைய.

இன்னொன்று. ஓடும் சப்ளையைவிட ஓடாத சப்ளை ஆபத்து. சார்ஜை இழுக்க ஆள் இல்லாததால் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 310 வோல்ட் வெகுநேரம் அப்படியே நிற்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேஷன் பிடியோடு ஐந்து வினாடி வைத்து, மீட்டரில் பார்த்து உறுதி செய்யுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் பண்ணாதீர்கள்.

கேள்வி: சிவப்பு லைட் எரிகிறது. பட்டனுக்கும் அசையவில்லை, ரிமோட்டுக்கும் அசையவில்லை. (வேலூர்)

5 வோல்ட் லைனை அளந்து பாருங்கள். 4.5-க்குக் கீழே இருந்தால் செகண்டரி கெப்பாசிட்டர், அநேகமாக 1000 மைக்ரோ ஃபேரட் 10 வோல்ட், உப்பியிருக்கும். 5 சரியாக இருந்தால் பவர் பட்டனின் இரண்டு கால்களை ஒரு நொடி இணைத்துப் பாருங்கள். பட்டனில் துரு ஏறுவது நம் ஊர் ஈரத்தில் சகஜம். முன்பக்கப் பேனலின் ஃபிளாட் கேபிளையும் கழற்றி மாட்டுங்கள். ரிமோட்டைச் செல்போனின் செல்ஃபி கேமரா முன் அழுத்தினால் எல்இடி மினுக்குவது தெரியும்.

கேள்வி: டிக் டிக் என்று சத்தம், லைட் மினுக்குகிறது. (மன்னார்குடி)

ஓவர்லோடு புரொடெக்‌ஷன். சப்ளையிலிருந்து மெயின் போர்டுக்குப் போகும் கனெக்டரைக் கழற்றி, 5 வோல்ட் லைனில் 10 ஓம் 5 வாட் ரெசிஸ்டரை லோடாகப் போடுங்கள். டிக் டிக் நின்றால் குற்றவாளி மெயின் போர்டு. முதலில் மோட்டார் டிரைவர் ஐசியைச் சந்தேகியுங்கள். நிற்காவிட்டால் செகண்டரி ஷாட்கி டயோடும் கெப்பாசிட்டர்களும்.

கேள்வி: ஜப்பானிலிருந்து உறவினர் கொண்டுவந்த டிவிடி பிளேயர். நம் பிளக்கில் செருகியதும் வெடித்தது. (சிவகாசி)

பின்பக்க லேபிளைப் படிக்கக் கண்ணாடி தேவையா? 100 வோல்ட் என்று போட்டிருக்கும். 100 வோல்ட்டில் உள்ளே 141 வோல்ட் டிசிதான் வரும் என்பதால் 200 வோல்ட் கெப்பாசிட்டர் வைத்திருப்பார்கள். அதில் 325 ஏறினால் வெடிக்காமல் என்ன செய்யும்? கெப்பாசிட்டர், வேரிஸ்டர், ஃபியூஸ், ஸ்விட்சிங் ஐசி நான்கையும் பாருங்கள். பழைய டிரான்ஸ்ஃபார்மர் மாடலாக இருந்தால் பிரைமரிச் சுற்றின் டேப்புக்கு அடியில் தெர்மல் ஃபியூஸ் இருக்கும். அதை பைபாஸ் செய்யாதீர்கள். சரியான பிறகு 100 வோல்ட் தரும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். இவ்வளவும் செய்தாலும் அது ரீஜன் 2. நம் ரீஜன் 5 டிஸ்க்கை ஏற்காது. செலவுக்கு முன் யோசியுங்கள்.

கேள்வி: கார் சிடி பிளேயரை 12 வோல்ட் பேட்டரியில் மஞ்சள், கறுப்பு கொடுத்தும் உயிரில்லை. (கரூர்)

சிவப்பு ஒயரையும் மஞ்சளோடு சேருங்கள். சாவி போட்டால்தான் சிவப்பில் 12 வோல்ட் வரும் என்பது அதன் ஏற்பாடு. பின்னாலுள்ள பிளேடு ஃபியூஸையும் பாருங்கள்.

கேள்வி: பிளேஸ்டேஷன் 2, பெரிய மாடல். சிவப்பு லைட்டே வரவில்லை.

பின்பக்கம் மெயின் சுவிட்ச் இருக்கிறது. போடுங்கள்.

கேள்வி: தொண்ணூறுகளின் சிடி பிளேயர். டிரான்ஸ்ஃபார்மரில் ஏசி வருகிறது, ஃபியூஸும் நன்றாக இருக்கிறது. டிஸ்ப்ளே இருட்டு. (புதுச்சேரி)

டிரான்ஸிஸ்டர் மாதிரி தெரியும், ஆனால் இரண்டே கால். ஐசிபி என்ற எழுத்தோடு இருக்கும். அதுவும் ஃபியூஸ்தான், பலர் கண்டுகொள்வதில்லை. கன்டினியூட்டி இல்லையென்றால் போய்விட்டது. என்15 என்றால் 0.6 ஆம்பியர், அதே ரேட்டிங் போடுங்கள். முதலில் அந்த லைனில் ஷார்ட் இருக்கிறதா என்று பாருங்கள். கம்பி சுற்றுகிறவர்கள் இங்கேயும் வருவார்கள்.

கேள்வி: சப்ளை போர்டு முழுதும் கருகிவிட்டது. கடையில் யுனிவர்சல் போர்டு கிடைக்கிறது, போடலாமா? (ஈரோடு)

போடலாம். ஆனால் கனெக்டர் பொருந்துகிறது என்பதற்காக அப்படியே செருகிவிடாதீர்கள். 5, 12, மைனஸ் 12, கிரவுண்ட் வரிசை போர்டுக்குப் போர்டு மாறும். 5 வோல்ட் இடத்தில் 12 போனால் மெயின் போர்டு அந்த நொடியே முடிந்தது. பழைய போர்டில் கால்களுக்குப் பக்கத்தில் அச்சிட்டிருப்பதை எழுதிக்கொள்ளுங்கள். புதிய போர்டைத் தனியாக சீரியஸ் லேம்பில் ஓடவிட்டு, ஒவ்வொரு காலையும் அளந்து, தேவையானால் ஒயர்களை மாற்றிக் கோத்து, அதன் பிறகு இணையுங்கள். சில மெயின் போர்டுகளுக்குத் தனியாக 3.3 வோல்ட்டும் வேண்டும். யுனிவர்சல் போர்டில் அந்தக் கால் இல்லையென்றால் வாங்காதீர்கள்.