வாசகர் கேள்வி: தட்டினால் திரும்பி வரும் வால்வு அம்ப்

கேள்வி: எங்கள் தோட்டத்து இசைக்குழுவிடம் பழைய 50 வாட் வால்வு கிட்டார் அம்ப் ஒன்று இருக்கிறது; கண்ணாடிக் குழாய் வால்வுகளால் ஒலியைப் பெருக்குவது. சின்ன வால்வு மூன்று, 12 ஏஎக்ஸ் 7 ரகம். பெரியது இரண்டு, ஈஎல் 34. இருபது நிமிடம் நன்றாகப் பாடும். பிறகு சத்தம் திடீரென்று பாதியாகும், சில நேரம் அடியோடு நின்றுவிடும். பெட்டியில் ஒரு தட்டுத் தட்டினால் திரும்பி வரும். மழைக்காலத்தில் தொல்லை அதிகம். ஐந்து வால்வையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?
- வாசகர், தலவாக்கலை

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். தேய்ந்த வால்வின் சத்தம் மாதக்கணக்கில் மெல்ல மங்கும். தட்டினால் உயிர் பெறாது. தட்டித் திரும்புகிறதென்றால் ஏதோ ஓர் இணைப்பு தொட்டும் தொடாமலும் நிற்கிறது. சூடேறியதும் உலோகம் விரிந்து அந்த இடம் விலகுகிறது, அதனால்தான் இருபது நிமிடம். மலையகத்து மூடுபனியும் ஈரமும் தொடுமுனைகளில் கறை படிய வைக்கின்றன, அதனால்தான் மழைக்காலம். வால்வு ஒன்றின் உள்ளேயே இணைப்பு தளர்ந்திருக்கலாம். ஐந்திலும் ஒன்றாகத் தளராது.

முதலில் ஸ்பீக்கர் வயரைப் பாருங்கள். அம்ப் பெருஞ்சத்தத்தில் ஓடும்போது ஸ்பீக்கர் இணைப்பு விட்டுப்போனால், பெரிய வால்வுகளுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் உள்ள அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மருக்குள் மின்னழுத்தம் எகிறி அதன் காப்பு எரிந்துபோகலாம். இந்த அம்ப்பில் அதிக விலைக்குரிய பாகம் அதுதான். அம்ப்பை நிறுத்தி, ஸ்பீக்கர் வயரைக் கழற்றி, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து அந்த வயரின் முனையில் அளவுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் ஏறத்தாழ 6 முதல் 7 ஓம் காட்டும். வயரை ஆட்டுங்கள். ஸ்பீக்கரின் கூம்பை இரு கைவிரல்களாலும் சமமாக, மெதுவாக அழுத்தி விடுங்கள். அளவு தாவினால் வயரிலோ, கூம்புக்குப் போகும் பின்னல் கம்பியிலோ குறை. கிட்டார் வயரை ஸ்பீக்கருக்குப் போடாதீர்கள். அதன் உள்கம்பி மெல்லியது, அந்த மின்னோட்டத்துக்கு ஆகாது.

அது சரியென்றால், ஸ்பீக்கரைத் திரும்ப இணைத்து வாசித்து, சத்தம் நிற்கும் கணத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும். கிட்டார் மட்டும் நின்று, அம்ப்பின் வழக்கமான இரைச்சல் தொடர்ந்தால் குறை முன்பகுதியில்: கிட்டார் வயர், பெடல், இன்புட் ஜாக், முதல் வால்வு. இரைச்சலும் சேர்ந்து நின்றால் பின்பகுதியில். சத்தம் வெட்டினாற்போல் நின்றால் தொடுமுனை. பத்து விநாடி போல மங்கி மங்கி நின்றால் ஏதோ ஒரு வால்வின் இழைக்கு மின்சாரம் போகவில்லை. இழை சூடேற்றும் கேதோடு என்ற உட்பாகம் ஆற நேரம் எடுக்கும், அதனால்தான் மங்கி நிற்கிறது. அந்த நேரத்தில் பின்பக்கம் குனிந்து பாருங்கள், ஒரு வால்வின் சிவப்பு ஒளி அணைந்திருக்கும்.

அம்ப்பின் பின்னால், எஃபெக்ட் கருவிகளை இடையில் சேர்ப்பதற்கான சென்ட், ரிட்டர்ன் என்று இரண்டு ஜாக் இருக்கிறதா? இருந்தால் முதல் சந்தேகம் அங்கேதான். ரிட்டர்ன் ஜாக்கில் ஒன்றும் செருகாதபோது, உள்ளே ஒரு சின்னத் தகடு வழியாகத்தான் முழு ஒலியும் போகிறது. யாரும் பயன்படுத்தாத ஜாக்கில் அந்தத் தகடு கறைபிடித்துவிடும். குட்டை வயர் ஒன்றை சென்ட்டிலிருந்து ரிட்டர்னுக்குப் போட்டு வாசியுங்கள். தொல்லை போனால் காரணம் கிடைத்துவிட்டது. பிளக்கில் கான்டாக்ட் கிளீனர் அடித்து, அதே ஜாக்கில் பத்துப் பதினைந்து முறை செருகி எடுங்கள். துரு நீக்கும் எண்ணெய் வேண்டாம்; அது படிந்து நின்று தூசியைப் பிடிக்கும்.

அடுத்தது வால்வு சாக்கெட். அம்ப்பை அணைத்து, பிளக்கைக் கழற்றி, வால்வு முழுக்க ஆறியபின் நேராக மேலே இழுங்கள். பக்கவாட்டில் வளைத்தால் சின்ன வால்வின் கண்ணாடி அடியில் கீறல் விடும். கால்களில் கிளீனர் அடித்து ஐந்தாறு முறை செருகி எடுங்கள். பிறகு அம்ப்பைப் போட்டு, பென்சிலின் ரப்பர் முனையால் ஒவ்வொரு வால்வையும் மெல்லத் தட்டுங்கள். முதல் வால்வு லேசாக மணிபோல ஒலிப்பது இயல்பு. ஒரு வால்வைத் தட்டும்போது ஸ்பீக்கரில் படபடவென்று சத்தம் வெடித்தால், மறுபடி அணைத்து ஆறவிட்டு, அதை அதே எண்ணுள்ள வேறு வால்வோடு இடம் மாற்றுங்கள். கோளாறு வால்வோடு போனால் வால்வு. இடத்திலேயே நின்றால் சாக்கெட். இந்தச் சோதனைக்குப் புது வால்வு ஒன்றும் வாங்கத் தேவையில்லை.

இதற்கு மேல் பெட்டியைத் திறக்க வேண்டும். வால்வு வேலை தெரிந்தவர் மட்டுமே திறக்கட்டும். பிளக்கைக் கழற்றியபின்னும், மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். அது ஆளைக் கொல்லும். 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் ஒரு முனையைக் கிளிப்பால் சேசிஸோடு (அம்ப்பின் உலோகச் சட்டத்தோடு) பிணைத்து, காப்பிட்ட மறுமுனையைக் கெப்பாசிட்டரின் பாசிட்டிவில் பத்து விநாடி பிடிக்க வேண்டும், ஒவ்வொன்றிலும். ஒரு கை மட்டும் வேலை செய்யட்டும். மீட்டரில் அளந்து 10 வோல்ட்டுக்குக் கீழே வந்ததைக் கண்ணால் பார்த்தபின்தான் விரல் உள்ளே போகலாம்.

உள்ளே தேட வேண்டியது வெடித்த ஈயப் பற்றுகளை. வால்வு சாக்கெட்டின் கால்கள், ஜாக்கின் கால்கள், சூடாகும் பெரிய ரெசிஸ்டர்கள் ஆகிய இடங்களில் காலைச் சுற்றி மெல்லிய கறுப்பு வளையம் தெரியும். அதன்மேல் புது ஈயத்தை வைத்தால் நிற்காது. பழையதை உறிஞ்சி எடுத்து, காலைச் சுரண்டிச் சுத்தம் செய்து, 60/40 ஈயத்தால் (வெள்ளீயம் 60, ஈயம் 40 கலந்தது) மறுபடி பற்ற வையுங்கள். ஈஎல் 34 இன் 4ஆம் காலில் உள்ள ஸ்கிரீன் ரெசிஸ்டர் கருகியிருந்தால் அதே மதிப்பில் மாற்றுங்கள். சாக்கெட்டின் உள்தகடு தளர்ந்திருந்தால் மெல்லிய ஊசியால் சற்று நெருக்கலாம்.

ஒன்றை மறக்கவேண்டாம். மாலையில் எல்லார் வீட்டிலும் விளக்கும் அடுப்பும் ஏறும்போது கரண்டின் வோல்ட் அளவு இறங்குகிறதா என்று அளந்து பாருங்கள். 230 வோல்ட் 190க்கு இறங்கினால், வால்வு இழைக்கு 6.3க்குப் பதில் 5.2 வோல்ட்தான் போகும். சத்தம் சோர்ந்துபோகும், அம்ப்பில் குறையே இருக்காது.

கேள்வி: கிட்டாரைப் பிடித்துக்கொண்டு மைக்கில் வாய் வைத்தால் உதட்டில் ஷாக் அடிக்கிறது. அம்ப்பின் வயரில் இரண்டு கம்பிதான். ஆபத்தா?
- வாசகி, பண்டாரவளை

பதில்: ஆபத்துதான். சரிசெய்யும்வரை அந்த அம்ப்பைப் போடாதீர்கள். இரட்டைக் கம்பி வந்த காலத்து அம்ப்புகள் பலவற்றில், மின்கம்பி ஒன்றுக்கும் சேசிஸுக்கும் நடுவில் ஒரு கெப்பாசிட்டர் வைத்திருப்பார்கள். அது பழுதாகிக் குறுக்கே இணைந்தால் கிட்டார் கம்பியில் 230 வோல்ட் நிற்கலாம். அதைக் கழற்றிவிட்டு மூன்று கம்பி வயர் போடச் சொல்லுங்கள்: பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். எர்த்துக்குச் சேசிஸில் தனி போல்ட் வேண்டும். ட்ரான்ஸ்ஃபார்மர் போல்ட்டில் பிணைக்கக் கூடாது. சுவர் சாக்கெட்டில் எர்த் உண்மையாகவே இருக்கிறதா என்பதையும் மின்பணியாளர் ஒருவர் அளந்து பார்க்க வேண்டும். பழைய வட்டக்கால் சாக்கெட்டில் மூன்றாவது ஓட்டை இருந்தும் பின்னால் கம்பியே இல்லாமல் இருக்கலாம். "ஹம்" சத்தம் குறையும் என்று எர்த்தை வெட்டச் சொல்பவரிடம் அம்ப்பைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: திருவிழாவுக்குத் திருவிழாதான் அம்ப்பை எடுக்கிறோம். மற்ற நாளில் பொலித்தீன் சுற்றி வைக்கிறோம். சரியா?
- வாசகர், நுவரெலியா

பதில்: பொலித்தீன் ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்கும். பருத்தித் துணியால் மூடி, சிமெந்துத் தரையில் படாமல் பலகைமேல் வையுங்கள். மாதம் ஒருமுறை ஸ்பீக்கரை இணைத்து அரை மணி நேரம் ஓடவிடுங்கள். அந்தச் சூடே உள்ளே உலர்த்தும். குளிரில் கிடந்த அம்ப்பை ஆட்கள் நிறைந்த மண்டபத்துக்குள் கொண்டுவந்ததும் சுவிட்சைப் போடாதீர்கள். குளிர்ந்த உலோகத்தில் பனி வேர்க்கும். ஒரு மணி நேரம் கழித்துப் போடுங்கள்.