காப்பிரைட் முடிந்தால் பெயரும் போய்விடுமா?

கேள்வி: என் மகள் தன் எம்.ஏ. ஆய்வேட்டில் கல்கியின் கட்டுரை ஒன்றிலிருந்து இரண்டு பக்கம் எடுத்துச் சேர்த்திருந்தாள். ‘பிளேஜியரிசம்’ என்று திருப்பிவிட்டார்கள். கல்கியின் எழுத்துதான் நாட்டுடைமை ஆகிவிட்டதே, இது எப்படித் தப்பாகும்? (வாசகர், மன்னார்குடி)

பதில்: எடுத்தது தப்பில்லை, யாருடையது என்று சொல்லாமல் எடுத்ததுதான் தப்பு.

காப்பிரைட் வேறு, பிளேஜியரிசம் வேறு. யார் அச்சடிக்கலாம், விற்ற பணம் யாருக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் காப்பிரைட். நம் 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுதியவர் இறந்த பிறகும் 60 ஆண்டுகள் அது இருக்கும், அப்புறம் எழுத்து பொதுச்சொத்து. நம் மாயவரம் பக்கத்துப் புத்தமங்கலத்தில் பிறந்த கல்கியின் நூல்களை அரசே நாட்டுடைமை ஆக்கிவிட்டதால், இன்று கும்பகோணத்தில் ஒருவர் அவர் நாவலை அச்சுப் போட்டு விற்றால் யாரும் தடுக்க முடியாது. ஆனால் அட்டையில் கல்கி பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டால்? அதற்குத்தான் பிளேஜியரிசம் என்று பெயர். லத்தீனில் இதன் மூலச்சொல் ஆள் கடத்துகிறவனைக் குறிக்கும். மார்ஷியல் என்ற ரோமானியக் கவிஞர், தம் கவிதைகளைத் தன்னுடையவை என்று சொல்லிக்கொண்டு திரிந்த ஒருவனை முதலாம் நூற்றாண்டிலேயே அந்தச் சொல்லால்தான் திட்டினார். காப்பிரைட் என்ற சட்டமே இல்லாத காலம் அது!

நம் பக்கத்திலேயே பாருங்கள். கும்பகோணம் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டே 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், ஏட்டுச்சுவடி கொடுத்து உதவியவர்களின் பெயர்களைத் தம் பதிப்புகளின் முகவுரைகளில் எழுதிவைத்தார். சுவடி கொடுத்தவருக்கே அந்த மரியாதை என்றால், எழுதியவரை விட்டுவிடலாமா?

துறையோடு சண்டைக்குப் போகாதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளில், ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் பகுதி 10 சதவீதத்தைத் தாண்டி 40 வரை இருந்தால் திருத்திக் கொடுக்கச் சொல்வார்கள், 60ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகிவிடும். உரியவர் பெயரோடு தரும் மேற்கோளை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதனால் அந்த இரண்டு பக்கத்தில் தேவையான வரிகளை மட்டும் மேற்கோள் குறிக்குள் வைத்து, கல்கி பெயர், கட்டுரைத் தலைப்பு, வெளிவந்த ஆண்டு, பக்க எண் எல்லாம் போடச் சொல்லுங்கள். நாலு சொல்லை மாற்றிப்போட்டுச் சமாளிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்க வேண்டாம், பெயர் சொல்லாதவரை அதுவும் பிளேஜியரிசம்தான்.