கேலியப் பிரபுவின் போர்க்காலம்: கேள்வி பதில்

கேள்வி: இடைக்கால அயர்லாந்தின் கேலியப் பிரபுக்கள், அதாவது ஐரிஷ் மொழி பேசிய பூர்வகுடித் தலைவர்கள், ஓயாமல் போரிட்டது நாடு பிடிப்பதற்காகவா, ஐயா?

பதில்: பெரும்பாலும் இல்லை. 13ஆம் நூற்றாண்டு அயர்லாந்தில் நிலத்துக்குப் பஞ்சமில்லை. அதில் மேயும் மாடுகளும் உழைக்கும் குடிகளுமே உண்மையான செல்வம். ஆகவே போர் என்றால் முதலில் ஆநிரை கவர்தல்தான். விடியும் நேரத்தில் புகுந்து மாடுகளை வளைப்பது எளிது. ஆனால் மாட்டின் நடைக்குமேல் படை விரைய முடியாது என்பதால், துரத்தி வருபவர்களைத் தடுத்தபடி ஊர் திரும்புவதுதான் கடினம். தோற்றவன் மாடுகளைத் திறையாகச் செலுத்தி, பல வேளைகளில் தன் மகனையே பிணையாக அனுப்பிவைப்பான். யாருடைய பிணையாளிகள் யார் வீட்டில் இருக்கிறார்கள் என்பதை வைத்தே அரசியலைக் கணக்கிட்டார்கள்.

கேள்வி: கவசம் அணியாமல் போரிட்டார்கள் என்பது உண்மையா?

பதில்: பாதி உண்மை. பிரபு அங்கவடி இல்லாத குதிரையில் அமர்ந்து, ஈட்டியைத் தோளுக்குமேல் ஓங்கிப் பிடித்துப் போரிட்டான். அவனுடன் வந்த காலாட்கள் எறிவேல்களோடு இலகுவாக ஓடுபவர்கள். 1260இல் டவுன் என்னுமிடத்தில் வடக்கு அயர்லாந்தின் கேலிய அரசர் பிரையன் ஓ நீல் ஆங்கிலேயக் குடியேறிகளோடு மோதி மாண்டபோது, கில்லபிரைட் மக் கான் மீ என்ற புலவர் பாடிய இரங்கற்பா, எதிரிகள் இரும்பால் மூடி நிற்கக் கேலியர் மெல்லிய சட்டைகளோடு நின்றார்கள் என்று புலம்புகிறது. புலவர்களுக்கு முரண் பிடிக்கும். வசதியுள்ளவர்களிடம் சங்கிலிக் கவசமும் பஞ்சு திணித்த மேலங்கியும் இருந்தன. ஆயினும் திறந்த வெளியில் நேருக்கு நேர் மோதுவது கேலியருக்குப் பாதகமாகவே முடிந்தது. பிரையனின் தலை லண்டனுக்கு அனுப்பப்பட்டது.

கேள்வி: அந்தக் குறையை எப்படி ஈடுசெய்தார்கள்?

பதில்: ஆள் வரவழைத்து. 1259இல் மேற்கு அயர்லாந்தின் கானாட் நாட்டு அரசரின் மகன் ஏட் ஓ கானர், ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளை ஆண்ட மக் ருவாரி குலத்துப் பெண்ணை மணந்தபோது, அவளோடு 160 போர்வீரர்களும் வந்தார்கள். கேலோகிளாஸ் எனப்பட்ட இவ்வகை வீரர்கள் சங்கிலிக் கவசமும் நீண்ட கோடரியுமாக அசையாமல் நின்று போரிடுபவர்கள். பிற்காலத்தில் இவர்களைக் குடிகளின் வீடுகளிலேயே தங்கவைத்துச் சோறு போடச் செய்தார்கள். பிரபுவின் படைபலத்துக்கு விலை கொடுத்தவர்கள் அந்தக் குடிகளே.

கேள்வி: பிரபு படுகாயமடைந்தால் என்ன ஆகும்? படைத்தலைவர் ஒருவர் பொறுப்பேற்பாரா?

பதில்: அது அவ்வளவு எளிதல்ல, ஏனெனில் குடிகள் பணிந்தது ஒரு பதவிக்கு அல்ல, அந்த மனிதருக்கு. வடமேற்கு அயர்லாந்தின் டிர் கோனல் நாட்டுத் தலைவர் கோஃப்ரி ஓ டோனெல் 1257இல் ஆங்கிலேயப் பிரபு மோரிஸ் ஃபிட்ஸ்ஜெரால்டின் படையை வென்றபோதிலும், படுகாயமடைந்து ஓர் ஏரித்தீவில் ஓராண்டு படுத்த படுக்கையாகக் கிடந்தார். அவர் எழமாட்டார் என்று கணித்த, பின்னாளில் டவுனில் மாண்ட அதே பிரையன் ஓ நீல், பணிந்து பிணையாளிகளைத் தருமாறு தூதர்களை அனுப்பினார். செய்தியைச் சொன்ன தூதர்கள் பதிலுக்குக்கூடக் காத்திராமல் ஓடினார்கள் என்று ஆண்டுக்குறிப்புகள் கூறுகின்றன. கோஃப்ரி படையைத் திரட்டச் சொன்னார். நடக்கவோ குதிரை ஏறவோ இயலாததால், தம் பிணத்தை எந்தப் பாடையில் தூக்குவார்களோ அதிலேயே தம்மைக் கிடத்திப் படையின் முன்னே கொண்டுசெல்லுமாறு ஆணையிட்டார். ஸ்வில்லி ஆற்றங்கரையில் ஓ நீலின் படை ஆட்களையும் குதிரைகளையும் இழந்து பின்வாங்கியது. திரும்பும் வழியில் கான்வால் என்னும் ஊரின் தெருவில் பாடையை இறக்கிவைத்தபோது, காயங்கள் மீண்டும் திறந்து கோஃப்ரி உயிர்நீத்தார். இதை வெறும் வீரக்கதையாகப் படிப்பது போதாது என்பது என் கருத்து. தலைவர் கண்ணெதிரே இல்லையென்றால் படையே சேராது என்ற நெருக்கடியும் அந்தப் பாடையில் இருந்தது.

கேள்வி: அடுத்த தலைவர் அவருடைய மூத்த மகனா?

பதில்: மூத்த மகன் என்பதற்காக மட்டும் தலைமை கிடைத்துவிடாது, ஆளும் குலத்தின் ஆண்களுள் தகுதியும் ஆள்பலமும் உடையவரைத் தேர்ந்தார்கள். கோஃப்ரி இறந்ததும் ஓ நீலின் தூதர்கள் மறுபடியும் பிணையாளிகளைக் கேட்டு வந்தார்கள். குலத்தார் கூடி ஆலோசித்துக்கொண்டிருக்கையில், ஸ்காட்லாந்திலிருந்து அதே குலத்தைச் சேர்ந்த டோனல் ஓக் என்ற 18 வயது இளைஞர் வந்து சேர, அவரையே தலைவராக்கினார்கள். அவர் தூதர்களுக்குப் பிணையாளிகளைத் தர மறுத்தார். 1281இல் போரில் கொல்லப்படும்வரை டிர் கோனலை ஆண்டார்.