காட்டாமல் விட்ட கொலை

அன்புள்ள ஐயா,

நண்பர் ஒருவர் சொன்னாரே என்று சென்ற வாரம் ஹிட்ச்காக்கின் ‘ஃப்ரென்ஸி’ பார்க்க உட்கார்ந்தேன். ‘சைக்கோ’ எனக்கு மிகவும் பிடித்த படம். அதனால் எதிர்பார்ப்பும் பெரிது. அரை மணி நேரம் தாண்டியதும் ஒரு பெண்ணை அவளுடைய அலுவலகத்திலேயே வைத்துப் பலாத்காரம் செய்து, டையால் கழுத்தை நெரித்துக் கொல்லும் காட்சி வந்தது. முழுதாகப் பார்க்க முடியவில்லை, நிறுத்திவிட்டேன். எதையுமே காட்டாமல் ‘சைக்கோ’ எடுத்த மனிதருக்கு எழுபது வயதுக்கு மேல் ஏன் இந்த வக்கிரம்?

சீரியல் கில்லர் படத்தில் காட்டாமல் விடுவதுதான் கலை என்பது என் எண்ணம். பயம் மனதுக்குள் நடக்க வேண்டும். ‘ராட்சசன்’ படத்தில் அந்தப் பரிசுப் பெட்டியைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும். உள்ளே இருப்பது சிதைத்த பொம்மைத் தலைதான். ரத்தத்தையும் அறுபட்ட உடலையும் க்ளோசப்பில் காட்டுகிறவர்கள் கற்பனை வறண்டவர்கள். நான் நினைப்பது சரிதானா? ‘ஃப்ரென்ஸி’யைத் தொடரலாமா, விட்டுவிடலாமா?

எஸ்.,
ஈரோடு

அன்புள்ள எஸ்.,

‘சைக்கோ’வில் எதையுமே காட்டவில்லை என்று பலரும் சொல்கிறார்கள். படத்தை மறுபடி போட்டுப் பாருங்கள். குளியலறைக் கொலை ஏறக்குறைய முக்கால் நிமிடம் ஓடுகிறது. கத்தி இறங்குகிறது, வாய் அலறுகிறது, கை சுவரில் வழுக்குகிறது, ரத்தம் சுழன்று சுழன்று சாக்கடைத் துளைக்குள் போகிறது. அந்த ரத்தம் சாக்லேட் சிரப். கறுப்பு வெள்ளையில் எடுத்ததால் அது செல்லுபடியானது. 1960இல் அதற்கு மேல் காட்ட அவருக்கு அனுமதியும் இல்லை. ஹாலிவுட்டின் பழைய தணிக்கை நெறிகள் 1968 வரை இருந்தன. ஆக அவர் காட்டாமல் விட்டதில் பாதிதான் கலை, மீதி கட்டுப்பாடு. ‘ஃப்ரென்ஸி’ வந்த 1972இல் அந்தக் கட்டுப்பாடு இல்லை. காட்ட முடிந்தது, காட்டினார். நீங்கள் நிறுத்திய காட்சியின் கடைசியில் நாக்கு வெளியே தள்ளி உறைந்துபோன அந்த முகம் வருகிறதே, அந்த ஷாட் தேவையில்லை என்றுதான் நானும் நினைக்கிறேன். அதில் ஒரு கிழட்டுக் குறும்பு இருக்கிறது.

ஆனால் நீங்கள் மூடிவைத்த இடத்துக்குப் பிறகுதான் நீங்கள் தேடும் காட்சிகள் இருக்கின்றன. முதலாவது உடனே வருகிறது. மதியச் சாப்பாடு முடிந்து காரியதரிசி திரும்பி வருகிறாள். கேமரா அவளோடு மாடிக்குப் போவதில்லை, சந்திலேயே நின்றுவிடுகிறது. ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் ஒன்றும் நடக்கவில்லை. வழியில் போகிறவர்கள் போகிறார்கள். பிறகுதான் மேலிருந்து அலறல் கேட்கிறது.

அடுத்தது அரை மணி நேரம் போலக் கழித்து. கொலைகாரன் ரஸ்க், லண்டன் கோவென்ட் கார்டன் சந்தையில் பழ மொத்த வியாபாரி. சிரித்த முகம், எல்லோருக்கும் உதவுகிற ஆள். மதுக்கூடத்தில் வேலை பார்க்கும் பாப்ஸ் என்ற பெண்ணுக்குத் தங்க இடமில்லை. தன் வீட்டில் தங்கிக்கொள்ளலாம் என்று அழைத்துப்போகிறான். கேமரா அவர்கள் பின்னாலேயே படியேறுகிறது. வாசலில் அவன் சொல்கிறான், நீ எனக்குப் பிடித்த மாதிரியான பெண் என்று. அவள் காதில் அது ஒரு சாதாரணப் புகழ்ச்சி. அதே வார்த்தைகளை அலுவலகத்தில் அந்த முதல் பெண்ணிடம் அவன் சொன்னதை நாம் கேட்டிருக்கிறோம். கதவு சாத்திக்கொள்கிறது. கேமரா பின்வாங்குகிறது. திரும்பிப் பார்க்காமல், அப்படியே பின்னோக்கி, படிகளில் இறங்கி, நடைபாதை வழியாக வாசலைத் தாண்டித் தெருவுக்கு வருகிறது. மாடிப்படியில் சத்தமே இல்லை. தெருவுக்கு வந்ததும் சந்தை இரைச்சல் திடீரென்று காதை அடைக்கிறது, வண்டிகள், கூலிக்காரர்கள், கூச்சல். (ஸ்டுடியோவில் எடுத்த படிக்கட்டும் நிஜத் தெருவும் ஒட்டும் இடத்தை மறைக்க, மூட்டை சுமந்த ஒருவன் குறுக்கே போகிறான். தேடிப் பார்த்தால் மட்டும் தெரியும்.) இனி அந்த மாடியில் அவள் எவ்வளவு கத்தினாலும் கீழே யாருக்கும் கேட்காது. படத்தில் என்னை ஆட்டிப்போட்டது இந்தக் காட்சிதான். இதில் ஒரு சொட்டு ரத்தம் கிடையாது.

இப்போது யோசித்துப் பாருங்கள். முதல் கொலையை ஹிட்ச்காக் அவ்வளவு விரிவாகக் காட்டாமல் விட்டிருந்தால் இந்த மூடிய கதவுக்கு என்ன மதிப்பு? ஓர் ஆணும் பெண்ணும் ஓர் அறைக்குள் போகிறார்கள், கேமரா நாகரிகமாக ஒதுங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். உள்ளே என்ன நடக்கிறது, எவ்வளவு நேரம் நடக்கும், அவன் என்ன முனகுவான் என்பதெல்லாம் நமக்கு ஏற்கெனவே தெரியும். அதனால்தான் அந்தப் படிக்கட்டைத் தாங்க முடிவதில்லை. முதல் கொலை முதலீடு என்றால் இரண்டாவது அதன் வட்டி. முதல் போடாமல் யாருக்கும் வட்டி வருவதில்லை.

இது என் ஊகம் மட்டுமல்ல. ‘சைக்கோ’வைப் பற்றி பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோவிடம் பேசும்போது ஹிட்ச்காக்கே இதைச் சொல்லியிருக்கிறார். படம் போகப்போக வன்முறையைக் குறைத்துக்கொண்டே வந்தாராம். முதல் கொலையின் நினைவே மீதிப் படத்தைச் சுமந்துபோகும் என்பது அவர் கணக்கு. இரண்டாவது கொலை படிக்கட்டில் சட்டென்று முடிந்துவிடும். அதன் பிறகு படத்தில் கொலையே இல்லை. ஆனால் கொலைகாரன் வீட்டின் நிலவறைக்குள், குளியலறையில் செத்தவளின் சகோதரி லைலா இறங்கும்போது நாம் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொள்கிறோம். நம்மைப் பிடித்து ஆட்டுவது குளியலறைதான்.

‘காட்டாமல் விட்ட’ படங்களுக்கெல்லாம் தாத்தா ஃப்ரிட்ஸ் லாங்கின் ஜெர்மன் படம் ‘எம்’. அதை நீங்கள் உங்கள் கட்சிக்குச் சாட்சியாக அழைக்கலாம். அதில் சிறுமிகளைக் கொல்கிறவனாகப் பீட்டர் லோரே நடித்தார். எல்ஸி என்ற குழந்தை தூணில் பந்தை அடித்து விளையாடுகிறாள். அந்தத் தூணில் கொலைகாரனைப் பிடித்துத் தருவோருக்குப் பத்தாயிரம் மார்க் பரிசு என்று சுவரொட்டி. அதன் மேல் ஒரு நிழல் விழுகிறது. பிறகு நாம் பார்ப்பது அவள் அம்மாவைத்தான். தட்டு வைத்துக் காத்திருக்கிறாள், மணி ஆகிறது, பெயரைக் கூப்பிடுகிறாள். காலியான மாடிப்படி, துணி காயும் பரண், தொடாத தட்டு. புதரிலிருந்து பந்து உருண்டு வருகிறது. தந்திக் கம்பியில் பலூன் சிக்கிக்கொள்கிறது. அவ்வளவுதான். குழந்தை செத்துவிட்டாள்.

படம் வெளிவந்தது 1931 மே மாதம் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். டுசெல்டார்ஃப் நகரைக் கதிகலங்க வைத்த தொடர்கொலைகாரன் பீட்டர் க்யூர்ட்டன் பிடிபட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. வழக்கு நடந்து முடிந்து தீர்ப்பும் வந்துவிட்டது. ஜூலையில் தலையை வெட்டினார்கள். ஜெர்மன் செய்தித்தாள்கள் அந்தக் கொலைகளை வரி விடாமல் எழுதித் தள்ளியிருந்தன. திரையரங்குக்குள் நுழைந்தவர்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் வந்தார்கள். பலூனைக் காட்டினாலே போதும் என்ற துணிவு லாங்குக்கு வந்ததில் அந்தப் பத்திரிகைகளுக்கும் பங்கு உண்டு என்பேன். படம் காட்டாததை ஊர் முன்பே காட்டிவிட்டது.

டேவிட் ஃபின்ச்சரின் ‘சோடியாக்’ (2007) இன்னும் நெருக்கமான உதாரணம். கலிஃபோர்னியாவில் நிஜமாக நடந்த தொடர்கொலைகளைப் பற்றி இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படம். கொலைகள் எல்லாம் முதல் பகுதியிலேயே முடிந்துவிடுகின்றன. 1969 செப்டம்பரில் பெர்ரியெஸ்ஸா ஏரிக்கரையில் நடந்த தாக்குதலை அவர் பட்டப்பகலில், பின்னணி இசை இல்லாமல், கத்திக்குத்து கத்திக்குத்தாகக் காட்டுகிறார். தாக்கப்பட்ட இளைஞர் உயிர் பிழைத்தார், அவரோடு இருந்த பெண் பிழைக்கவில்லை. பல டேக் எடுக்கிற மனிதர் என்பதால் ரத்தத்தைக்கூடக் கணினியில்தான் சேர்த்தார், ஒவ்வொரு முறையும் உடை மாற்ற வேண்டாம் பாருங்கள். அதன் பிறகு இரண்டு மணி நேரம் போல வெறும் காகிதம், கையெழுத்து, தொலைபேசி.

கடைசிப் பகுதியில் கார்ட்டூனிஸ்ட் கிரேஸ்மித், கொலைகாரனின் எழுத்தை ஒத்திருக்கும் ஒரு சுவரொட்டியின் கையெழுத்தை வைத்துத் தான் சந்தேகப்படும் ஆளைப் பற்றி விசாரிக்க, பழைய தியேட்டர்காரர் ஒருவர் வீட்டுக்குப் போகிறான். அவர் அமைதியாகச் சொல்கிறார்: சுவரொட்டி எழுதுவது நான்தான். கொலைகாரன் தன் கடிதத்தில் நிலவறை ஒன்றைக் குறிப்பிட்டிருந்தான். கலிஃபோர்னியாவில் நிலவறை உள்ள வீடுகள் அதிகம் இல்லையே என்கிறான் கிரேஸ்மித். என் வீட்டில் உண்டு என்கிறார் அவர். கீழே இறங்குகிறார்கள். மேலே தரை கிறீச்சிடுகிறது. யாரும் சாகவில்லை, ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அந்த ஏரிக்கரையைப் பார்த்த நமக்கு அங்கே மூச்சு நின்றுவிடுகிறது. இந்தக் காட்சியை மட்டும் தனியே வெட்டி யாருக்காவது போட்டுக்காட்டுங்கள். இரண்டு பேர் நிலவறைக்குப் போய்விட்டு வருகிறார்கள், இதற்கா பயந்தாய் என்பார்கள்.

உங்கள் ‘ராட்சசன்’ பெட்டியும் இதே கணக்குதான். பெட்டி வந்த வீட்டில் பிறகு என்ன நடந்தது என்று படம் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. அதனால்தான் அடுத்த பெட்டி வயிற்றைக் கலக்குகிறது.

ஓடிடியில் இப்போது வரும் பல தொடர்களில் கதவு சாத்துகிறது, விளக்கு அணைகிறது, கேமரா ஜன்னல் பக்கம் திரும்புகிறது. எனக்கு ஒன்றும் ஆவதில்லை. அதுவரை அவர்கள் எனக்கு எதையும் தெரியப்படுத்தவே இல்லை. மறைத்துவிட்டோம் என்பதற்காகவே தங்களை நுட்பமானவர்களாக நினைத்துக்கொள்கிறார்கள். ரத்தக் குளியல் எடுப்பவர்களாவது உழைக்கிறார்கள்! அவர்களோடு எனக்குள்ள சண்டை வேறு. பத்து நிமிடத்துக்கு ஒரு கொலை வந்தால் மூன்றாவதற்குள் கண் பழகிவிடுகிறது. நாலாவதில் நான் மேக்கப்காரரின் திறமையை வியக்க ஆரம்பித்துவிடுகிறேன். போட்ட முதலையெல்லாம் அங்கேயே செலவழித்துவிடுகிறார்கள்.

காட்டுகிறவர்கள் எல்லோரும் கற்பனை வறண்டவர்கள் என்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். ஜான் மெக்நாட்டன் எடுத்து 1986இல் முதலில் காட்டிய ‘ஹென்றி: போர்ட்ரெய்ட் ஆஃப் எ சீரியல் கில்லர்’ அமெரிக்காவில் வயது வந்தோருக்கு மட்டும் என்ற எக்ஸ் சான்றிதழ் வாங்கியது, ஒழுங்காகத் திரைக்கு வர 1990 ஆனது. அதில் ஒரு குடும்பத்தைக் கொல்வதை வீடியோவாகப் பார்க்கிறோம். நேரில் நடப்பதைப் பார்ப்பதாகவே நினைத்துக்கொண்டிருப்போம். பிறகுதான் தெரியும், கொலைகாரர்கள் இருவரும் தாங்கள் எடுத்த அந்த டேப்பைத் தங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து ரசித்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் ஒருவன் மறுபடி ஓட்டிப் பார்க்கிறான், மெதுவாக. இதுவரை அவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து பார்த்தது நாம். இந்த அடியைக் காட்டாமல் கொடுக்கவே முடியாது. சிபாரிசு செய்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், நான் அதை இன்னொரு முறை பார்க்கப்போவதில்லை.

‘ஃப்ரென்ஸி’யைத் தொடருங்கள். நிறுத்திய கொலையை மறுபடி பார்க்க வேண்டியதில்லை, பார்த்தவரைக்கும் போதும். காரியதரிசி சந்துக்குள் வரும் இடத்திலிருந்து ஆரம்பியுங்கள். உருளைக்கிழங்கு லாரியில் ரஸ்க் படும் பாடு ஒன்று பின்னால் வரும். அங்கே மூட்டைக்குள் அவன் ஒளித்துவைத்த பாப்ஸின் விறைத்த விரல்களுக்குள் அவனுடைய டை ஊசி மாட்டிக்கொண்டிருக்கும். விரல் முறியும் சத்தம் உங்களுக்குப் பிடிக்காது. இன்ஸ்பெக்டர் அந்த விவரத்தைத் தன் மனைவியிடம் சொல்லும்போது அந்த அம்மாள் ஒரு ரொட்டிக் குச்சியைப் படக்கென்று ஒடித்துத் தின்பார். அங்கே சிரித்துவிட்டால் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள்.

அன்புடன்