காஸ் மாத்திரையும் மாரடைப்பும்

வணக்கம் ஐயா. அப்பாவுக்கு 68 வயது. போன வருடம் ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் இரண்டும் போடுகிறார். கூடவே வெறும் வயிற்றில் ஒரு காஸ் மாத்திரை. அதனால்தான் மாரடைப்பு வருகிறது என்று வாட்ஸ்அப்பில் படித்துவிட்டு அதை நிறுத்திவிட்டார். சரிதானா?

— ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

சரியில்லை. இன்றைக்கே அவருடைய இதய மருத்துவரிடம் பேசுங்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் சேரும்போது இரைப்பையில் இரத்தக்கசிவு வரலாம். அதைத் தடுக்கத்தான் பெரும்பாலும், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் காஸ் மாத்திரை எழுதுகிறார்கள்.

அந்தப் பயத்துக்கு ஒரு வேர் உண்டு. கல்லீரலில் உள்ள ஒரு நொதி மாற்றிக் கொடுத்தால்தான் க்ளோபிடோக்ரெல் வேலை செய்யும். காஸ் மாத்திரைகளில் ஒன்றான ஒமெப்ரசோல் அந்த நொதியைத் தடுக்கிறது. அதனால் இரண்டையும் சேர்த்துத் தர வேண்டாம் என்று 2009-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்தது. இன்னொரு காஸ் மாத்திரையான பேன்டோப்ரசோலில் இந்தத் தொந்தரவு குறைவு. இதய, இரத்தக்குழாய் நோய் உள்ள 17,500-க்கும் மேற்பட்டவர்களுக்கு பேன்டோப்ரசோலோ வெற்று மாத்திரையோ கொடுத்து, சுமார் 3 ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2019-ல் வந்தது. மாரடைப்பு கூடவில்லை. குடல் தொற்று மட்டும் சற்றுக் கூடியிருந்தது.

என் கவலை வேறு. மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள், பெயருக்குப் பின்னால் 'டி' (D) இருக்கிறதா? அது டாம்பெரிடோன், குமட்டலுக்கான மருந்து. அமிலத்தைக் குறைப்பது அதன் வேலையே அல்ல. ஆனால் இதயத் துடிப்பின் மின்னோட்டத்தைக் குலைக்கக்கூடியது. நாளுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம், பொதுவாக ஒரு வாரத்தைத் தாண்ட வேண்டாம், இதயம் பலவீனமானவர்களுக்குத் தரவே வேண்டாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2014-ல் சொல்லிவிட்டது. நம் ஊரிலோ அந்த 30 மில்லிகிராமையும் ஒரே மாத்திரைக்குள் சேர்த்து, மருந்துக்கடையில் கேட்டவுடன் கொடுக்கிறார்கள். வருடக்கணக்கில் விழுங்குகிறார்கள். எனக்கு இதில் கோபமே வருகிறது. அப்பாவுக்கு 'டி' இல்லாத மாத்திரை போதுமா என்று மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள்.

அப்புறம், வருடக்கணக்கில் காஸ் மாத்திரை போட்டால் சிலருக்கு இரத்தத்தில் மெக்னீசியம் குறைந்து, துடிப்பு தாறுமாறாகலாம். 2011-ல் எஃப்.டி.ஏ. இதையும் எச்சரித்தது. அப்பா நீர் மாத்திரையும் போடுகிறார் என்றால் மெக்னீசியம் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். சாதாரண இரத்தப் பரிசோதனைதான்.

நிறுத்திய பிறகு நெஞ்செரிச்சல் முன்பைவிட அதிகமாக வரக்கூடும். ஆனால் ஸ்டென்ட் வைத்தவருக்கு எரிச்சலோடு வியர்வை, மூச்சுத்திணறல், தாடையிலோ இடது கையிலோ வலி வந்தால் காஸ் என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.