அம்மாவுக்கு 63 வயது: குளியலறைக் கைப்பிடிக்கு மானியம் உண்டா?

கேள்வி: சிங்கப்பூரில் நால்வறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டில் எங்களோடு இருக்கும் அம்மா குளியலறையில் இரண்டு முறை சறுக்கிவிட்டார். இப்போது நான் வாசலில் நின்றால்தான் குளிக்கிறார். 65 வயது ஆகாததால் அரசு மானியம் கிடைக்காது, தானே மலிவாகச் செய்து தருகிறேன் என்கிறார் வீடு தேடி வந்த ஒரு ஒப்பந்தக்காரர். நம்பலாமா?

பதில்: அவர் சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் அவருடைய வியாபாரம் இருக்கிறது.

முதியோர் வீடுகளில் கைப்பிடி போன்ற வசதிகளை மானியத்தில் பொருத்தித் தரும் வீவகவின் ஈஸ் (EASE) திட்டத்துக்கு வயது வரம்பு 65 என்பது சரி. ஆனால் 60 முதல் 64 வயது வரை உள்ளவர்களுக்கும் வழி உண்டு. குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிப்பறைக்குப் போவது, நடமாடுவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது ஆகிய ஆறில் ஒன்றுக்காவது துணை தேவைப்பட வேண்டும். ஒன்றே ஒன்று போதும். அதற்கு மதிப்பீட்டு அறிக்கை வேண்டும், சிக்கலே அங்கேதான். மதிப்பிடுபவர் கேட்டால் நம் பெற்றோர் "எல்லாம் நானே செய்துகொள்வேன்" என்று சொல்லிவிடுவார்கள். நீங்களும் உடன் போய், நீங்கள் வாசலில் நிற்பதை உள்ளபடி சொல்லுங்கள். சறுக்கி விழத் தொடங்கிய ஒருவரிடம் இவ்வளவு தாள் கேட்பது எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது. இடுப்பு எலும்பு முறிந்தபின் ஆகும் செலவைப் பார்த்தால் கைப்பிடிக்கு ஆவது எந்த மூலைக்கு?

சிங்கப்பூர்க் குடிமக்களின் நால்வறை வீட்டுக்கு மானியம் 92.5 விழுக்காடு. வீவக இணையத்தளத்திலோ கிளை அலுவலகத்திலோ நீங்களே விண்ணப்பிக்கலாம். நடுவில் யாரும் வேண்டாம். "வீவக அனுப்பியது" என்று வருபவரிடம் முன்பணமும் கொடுக்காதீர்கள், சிங்பாஸையும் (அரசாங்கச் சேவைகளுக்கான மின்னடையாளம்) திறந்து காட்டாதீர்கள். அப்புறம், உறிஞ்சுகுமிழால் சுவர் ஓட்டில் (டைல்) ஒட்டும் கைப்பிடியை மலிவு என்று வாங்கிவிடாதீர்கள். ஈரத்தில் முழு உடல் பாரமும் விழும்போது அது கழன்று வந்துவிடும். துண்டு போடும் கம்பியும் பிடித்து எழுவதற்கானது அல்ல. சுவரில் துளையிட்டுத் திருகிய கைப்பிடிதான் தாங்கும்.

தரைக்கு வழுக்காத பூச்சையும் சேர்த்தே கேளுங்கள். கைப்பிடி பொருத்த வரும் நாளில் அம்மாவைக் குளியலறையில் நிற்கவைத்து, அவர் கை இயல்பாக எட்டும் உயரத்தைச் சுவரில் குறித்துக் காட்டுங்கள்.